சீசனுக்கு வந்த சொந்தங்கள்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் என் அனுதாபங்கள். சனிக்கிழமை விடிந்தால் உங்கள் தெருவிலும் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று உருளும் என்று நினைக்கிறேன். பாண்டிச்சேரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கடுகு மஞ்சள் அடித்து, வாசலில் ஒரு காகிதப்பூத் தொட்டி வைத்து, நாள் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் இருக்கிறோம். எங்கள் காலம் முடிந்ததும் மஞ்சள் அடிக்கலாம் என்று பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

என் மகன் அவ்வளவு பொறுக்கவில்லை. மாடியை இப்போதே விட்டிருக்கிறான். டிசம்பர் கடைசியில் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறான். மழைக்காலத்தில் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்கு ‘ஆக்குபன்சி’ என்று ஒரு பெயர் சொல்கிறான், ஏதோ அவன் தலைமுறைதான் அதைக் கண்டுபிடித்த மாதிரி. போன வாரம் தங்கிப்போன பெங்களூர்ப் பெண் ஒருத்தி, ‘குடும்பத்தில் ஒருவர் போலவே நடத்தினார்கள்’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். மகன் பெருமையாகப் படித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடும்பத்தில் ஒருவர் போலவா? என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் குடும்பத்தினரேதான். அம்மா தெருவுக்கு அப்படித்தான் அறிவித்திருந்தாள்.

காரணம் இருந்தது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அரசு ஊழியர் முன் அனுமதி பெறாமல் வேறு தொழில் நடத்தக் கூடாது. உள்ளாட்சியில் உரிமப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். இதன் விதி, உபவிதி, விலக்கு எல்லாம் இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். விண்ணப்பம், மேலதிகாரி பரிந்துரை, சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, அவற்றின் நகல்கள், நகல்களுக்குச் சான்றொப்பம். அப்பா அன்றைக்கே விண்ணப்பித்திருந்தால், நான் படித்து முடித்து வேலையில் சேர்ந்த பிறகு அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்திருக்கும். அம்மா எட்டாவதோடு நின்றவள். அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. சொந்தக்காரர் வந்து தங்குவதைத் தடுக்கும் சட்டத்தை வெள்ளைக்காரனும் போடவில்லை, நம்மவனும் போடவில்லை.

ஆகவே மாடி அறைக்கு யார் வந்தாலும் படியேறுவதற்குள் ஓர் உறவு ஒதுக்கப்பட்டுவிடும்.

அதில் ஒரு முறை இருந்தது. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரி வந்திருந்தது. அங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு அலைபவர்கள் பெரியம்மாக்கள். ஆகஸ்டில் ஆசிரமத்துக்கு வரும் கல்கத்தாக்காரர்கள், சின்ன வயதிலேயே வடக்கே போய்த் தமிழ் மறந்துபோன ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள். பக்கத்து மாநிலத்தில் அப்போது மதுவிலக்கு. அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் ஊருக்கே தாகத்தோடு ஒரு கூட்டம் பஸ் ஏறி வரும். குடிப்பவர்களைத் தன் வழி உறவில் சேர்க்க முடியாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவர்கள் அத்தனை பேரும் அம்மா வழியில் மாமாக்கள் ஆனார்கள். என் தாய்வழி உறவு முழுக்கக் குடிகாரர்கள் என்று தெருவில் இன்றும் நம்புகிற கிழவிகள் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உறவு முறையை ஒப்பிக்கும் பயிற்சி எனக்குத்தான். ஒருமுறை திண்டிவனத்து நெல் வியாபாரி ஒருவரிடம், “பெரியப்பா, காப்பி” என்று நீட்டினேன். அவர் திகைத்துப்போனார்.

“இன்னா பாப்பா, நான் உனக்குப் பெரியப்பாவா?”

“ஆமா. ஞாயித்துக்கிழம வரைக்கும்.”

அறை பெரிதில்லை. ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி, நடுவில் குழிந்த கித்தான் கட்டில், இரண்டு கோரைப்பாய், தண்ணீர்த் தவலை, மூடியில்லாத ஒரு பீங்கான் கூஜா. பினாயில் வாசனையும் வெட்டிவேர் வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. கருவாடு காயும் நாட்களில் ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்பது விருந்தினருக்கான ஒரே விதி. குழாய் கீழே முற்றத்தில். குளிக்க, குடிக்க, கால் கழுவ எல்லாத் தண்ணீரும் வெளிப்படிக்கட்டு வழியாகக் குடத்தில் மேலே போக வேண்டும்.

கொண்டுபோனது என் அத்தை. அப்பாவின் தங்கை.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு. அன்றைய கணக்கில் அது முற்றிப்போன வயது. இரண்டு இடங்களிலிருந்து வந்து பார்த்திருந்தார்கள். இரண்டு பேரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போயி கலந்துக்கினு சொல்றோம்” என்று எழுந்து போனவர்கள். அதற்கு என்ன பொருள் என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ என்பதன் மரியாதை வடிவம் அது. மூன்றாவதாகவும் ஓர் இடம் அப்படிச் சொன்னால் தரகர் நம் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

“அதுக்கு நேரம் வர்ல” என்பாள் அம்மா. அப்பா தலையாட்டுவார். இடையில் வந்த இன்னும் சில ஜாதகங்கள் பார்க்கப்படாமலே போயின. ஒன்று சித்திரையில் வந்தது, அப்போது சென்னைக்காரர்கள் சீசன். ஒன்று ஜூலையில், பிரெஞ்சுத் தேசிய விழாவுக்கு ஊரே நிரம்பியிருந்த வாரம். “கூட்டம் கொறையட்டும், பாக்கலாம்” என்றாள். அம்மா கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அறை நிறைந்திருந்தது, வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்த வேலையை யார் செய்தார்கள் என்று அவள் யோசித்திருந்தால், ஜாதகம் ஏன் தள்ளிப்போகிறது என்பதும் தெரிந்திருக்கும். அதனாலேயே யோசிக்கவில்லை போலும்.

எதிர்வீட்டில் மதாம் இருந்தாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். ஓய்வூதியம் பாரீசிலிருந்து வந்ததால் நம் அரசின் நடத்தை விதிகள் அவர்களைத் தொடவில்லை. மதாம் தன் இரண்டு அறைகளை வெளிப்படையாகவே வாடகைக்கு விட்டாள். பச்சை ஜன்னல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் வாசலில் யார் வந்தாலும் தெரு கேட்கக் கூவுவாள்.

“வாத்தியாரம்மா, யாரு வந்துகிறாங்க?”

அம்மா பதிலுக்கு ஓர் உறவை வீசுவாள். மதாம், “போன், போன்” என்று தலையாட்டுவாள். பிரெஞ்சில் ‘நல்லது’ என்று அர்த்தம். அவள் சொல்லும்போது நல்லதாகக் கேட்காது. அம்மாவுக்கு அவள் ஜென்ம விரோதி.

நான் சொல்ல வந்தது ஒரு மாசி மகத்தைப் பற்றி.

மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு வரும். சாமி வந்தால் ஊர் வரும். ஊர் வந்தால் அதற்குத் தூங்க இடம் வேண்டும். அந்த மூன்று நாட்கள்தான் எங்கள் உச்ச சீசன். அந்த வருஷம் மாடியில் ஒரு பெரியப்பா குடும்பம். கூடத்தில் தட்டி மறைத்து இன்னொரு பெரியப்பா. சமையலறைக்கு வெளியே இரண்டு அத்தைப் பாட்டிகள். நாங்கள் நால்வரும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தோம். முதல் நாள் மாலையே மாடிப் பெரியப்பா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். அறை காலி! அம்மாவின் முகம் சாமி புறப்பாடு நின்றுபோனது போல ஆனது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஓர் அம்மாளும் மகனும் வாசலில் வந்து நின்றார்கள்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். தங்கள் ஊர்ச் சாமியோடு வந்தவர்கள். மகனுக்கு முப்பது இருக்கும். மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி அழுத்திய தலை, அவரைச் சுற்றி லேசாக டிங்சர் வாசனை. வாடகை பேசி முடிந்து, அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிர்ஜன்னல் திறந்தது.

“வாத்தியாரம்மா! இவங்க யாரு, புச்சா?”

அம்மா வாயைத் திறந்தாள். இரண்டு பெரியப்பாக்களை அந்த வாரம் செலவழித்தாயிற்று. மாமாவாக்கலாம் என்றால் மாமாக்கள் சனிக்கிழமைதான் வருவார்கள், அதுவும் பெற்ற தாயைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்கள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள், கல்யாண வயதில் ஒரு மகன், புதுச் சட்டை. அம்மாவின் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“நம்ம பொண்ணப் பாக்க வந்துகிறாங்க!”

மதாம் ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்தாள். அது அதுவரை நடந்ததில்லை.

மறுநாள் பிற்பகல் சொல்தா தலைமேல் ஒரு பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். திரும்பிப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். பின்னாலேயே மதாம், கையில் ஒரு தட்டு பஜ்ஜி, தலையில் மல்லிகை. “பொண்ணு பாக்க வந்தவங்களப் பாயிலயா ஒக்கார வெப்ப, வாத்தியாரம்மா? மானம் போவாது?” அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி பன்னீர்ச் செம்பு கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் தட்டிக்குப் பின்னால் இருந்த வாடகைப் பெரியப்பா, தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, சம்பந்தப்பட்டவர் போலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பஜ்ஜி வாசனை அப்படி.

அப்பா அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தார்.

“இன்னாடி பண்ணி வெச்சிக்கிற?”

“வாயில வந்துடுச்சி. நீங்க போயி ஒக்காருங்க. கேசரி குடுத்து அனுப்பிட்டா ஆச்சி.”

“அவங்க போனப்பறம் தெரு இன்னா சொல்லும்? மூணாவது எடமும் தட்டிப்போச்சின்னு சொல்லும்.”

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரவை கிளறிய கரண்டி கையிலேயே நின்றது.

அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மூலையில் நின்றிருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். “ரவை தீயுது அண்ணி.”

கூடத்தில் கம்பவுண்டரின் அம்மா ஒன்றும் புரியாமல் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். மகன் காதில் அவர் சொன்னது எனக்கே கேட்டது. “பாண்டிச்சேரியில வாடகைக்கு வந்தா இத்தினி உபசாரமாடா?” வாடகை என்ற சொல் இரண்டாம் முறை வெளியே வருவதற்குள் அம்மா ஓடிவந்து அவர் தட்டில் மூன்று பஜ்ஜிகளை அடுக்கினாள்.

அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க காலையில மாடிக்குத் தண்ணி கொண்டாந்தவங்கதானே?” என்றார் வெள்ளந்தியாக.

“பாத்தீங்களா!” என்று மதாம் கையைத் தட்டினாள். “மாப்பிள்ள முசே முன்னாடியே பாத்து வெச்சிக்கிறாரு!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கம்பவுண்டரின் காது சிவந்தது. அவருடைய அம்மா கூட்டத்தைப் பார்த்தார், பன்னீர்ச் செம்பைப் பார்த்தார், அத்தையின் பட்டைப் பார்த்தார். மெதுவாக ஏதோ புரிவது முகத்தில் தெரிந்தது. மதாம் விடவில்லை.

“சொல்லுங்கம்மா. பொண்ணு புடிச்சிக்கிதா?”

பாவம், அந்த அம்மாள் என்ன செய்வார்? சாமி பார்க்க வந்தவர். யார் மனமும் நோகக் கூடாது என்று, மரியாதையான மனுஷி அப்படிப்பட்ட இடத்தில் என்ன சொல்வாரோ அதைச் சொன்னார்.

“ஊருக்குப் போயி கலந்துக்கினு சொல்றோம்.”

சிரிப்பு நின்றது. ஒருத்தி ‘த்சு’ என்றாள். பன்னீர்ச் செம்புக்காரி செம்பை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை காலித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். பட்டுப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு குடத்தை எடுத்தாள். மாடிக்கு மாலைத் தண்ணீர் இன்னும் போகவில்லை.

படிக்கட்டின் பாதியில் கம்பவுண்டர் எதிரே வந்தார்.

“கொடத்த இப்படிக் குடுங்க.”

“வேணாம். விருந்தாளிங்க தூக்கக் கூடாது.”

“நான் விருந்தாளியா, மாப்பிள்ளையான்னு எனக்கே தெரியல. அம்மா அழுவறாங்க. தெரியாத்தனமா ஒரு பொண்ணு மனச நோவடிச்சிட்டமேன்னு. எதிரூட்டம்மாகூடச் சொல்லல, இப்படி இருக்கும்னு.”

அத்தை நின்றாள். “எதிரூட்டம்மாவா?”

“அவங்கதானே எங்கள இங்க அனுப்பினாங்க? மொதல்ல அங்கதான் ரூம் கேட்டோம். எடமில்லன்னு சொல்லிட்டு, என் வேல, சம்பளம், கல்யாணம் ஆச்சான்னு எல்லாம் கேட்டாங்க. அப்பறம் இந்த ஊட்டக் காட்டி உட்டாங்க.”

அத்தை குடத்தைப் படியில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தெருவைக் கடந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. குடமில்லாமல் அவள் நடந்ததே அபூர்வம்.

மதாம் முன்னறையில் நாற்காலிகள் இருந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் தெருவையே கூட்டியாந்தீங்களா?” என்றாள் அத்தை. “நான் உங்களுக்கு இன்னா பண்ணேன் மதாம்?”

மதாம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“நீ ஒண்ணும் பண்ணல. தண்ணி தூக்கினே இருந்த. நானும் இந்த ஜன்னலாண்ட ஒக்காந்து எத்தினி வருஷமாப் பாக்கறேன். உங்க அண்ணி போறவன் வர்றவனுக்கெல்லாம் ஒறவு பண்ணிக் குடுத்தா. உனக்கு ஒண்ணு பண்ணாளா? நேத்து வாய் தவறி ஒண்ணு பண்ணா. அத திரும்ப எடுத்துக்க உடக் கூடாதுன்னுதான் நாற்காலி அனுப்பினேன். அந்தம்மா அப்படிச் சொல்லித் தொலைக்கும்னு நான் கண்டனா?”

அத்தை ஜன்னல் வழியே எங்கள் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, “பஜ்ஜியில உப்பு கம்மி” என்றாள்.

“தெரியும். சொல்தாவுக்கு ரத்தக் கொதிப்பு.”

நாங்கள் திரும்பி வந்தபோது படியில் குடம் இல்லை. கம்பவுண்டர் அதை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேட்டி முழுக்க ஈரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். அத்தை வழியை விடவில்லை.

“மறுபடி வருவீங்களா?”

“வாடகைக்கா, பொண்ணு பாக்கவா?”

“எதுக்கு வந்தாலும் ரூம் ஒண்ணுதான்.”

அவர் ஈர வேட்டியைப் பிழிந்தார். “எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க. கலந்துக்கினு சொல்றோம்னா நெஜமாவே கலந்துக்குவாங்க. அதுக்குக் கொஞ்சம் நாளாவும்.”

“ஆவட்டும்” என்றாள் அத்தை.

அன்று அவள் கண்டுபிடித்ததன் அருமை, பின்னாளில் அலுவலகத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கோப்பை ஏற்கவும் வேண்டாம், நிராகரிக்கவும் வேண்டாம், நிலுவையில் வைக்கலாம். மறுநாள் காலை அவர்கள் கிளம்பும்போது, அத்தை சொல்லிக் கொடுத்தபடி அம்மா வாசலில் நின்று தெரு கேட்கத் தாம்பூலம் கொடுத்தாள். “பேச்சு நடக்குது” என்று அறிவிக்கப்பட்டது. நடக்கிற பேச்சை யாரும் தட்டிப்போன பேச்சு என்று சொல்ல முடியாது. தரகரின் சைக்கிளும் பழைய வேகத்திலேயே போனது.

பேச்சும் நடக்கத்தான் செய்தது. சித்திரையில் ஒருமுறை வந்தார்கள், ஜாதகத்தோடு. ஆடியில் கம்பவுண்டர் தனியாக வந்தார், ஜாதகம் இல்லாமல். ஒவ்வொரு முறையும் அம்மா கூச்சப்படாமல் வாடகை வாங்கினாள். அப்பா வெட்கத்தில் பள்ளிக்கூடம் முடிந்தும் வீட்டுக்கு வரத் தயங்கினார். கடைசியில் அத்தைதான் கேட்டாள்.

“பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட வாடகை வாங்கற ஊடு உலகத்துலயே இது ஒண்ணுதான் அண்ணி.”

“சும்மா உட்டா அக்கம்பக்கம் சந்தேகப்படும்” என்றாள் அம்மா. அவள் தர்க்கத்தில் எப்போதும் ஏதோ ஒன்று இடிக்கும், எது என்று சட்டெனச் சொல்ல முடியாது.

கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. முகூர்த்தத்தைக் குறித்தவர் சாஸ்திரிகள் என்று பத்திரிகை சொன்னது. உண்மையில் குறித்தது அம்மா. அடைமழைக் காலம், எவனும் ஊருக்கு வர மாட்டான், மாடி சும்மாதான் கிடக்கும். பந்தல் ஒழுகியது. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். மதாம் வெள்ளைத் தொப்பி ஒன்றை அணிந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, அவளே பெற்றது போல அழுதாள். அம்மா அவளுக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள். அவர்கள் வரலாற்றில் அது ஒரு சமாதான உடன்படிக்கை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. மாடி அறையில் புது மாப்பிள்ளையும் பெண்ணும். அம்மா முற்றத்தில் வெந்நீர் அடுப்பைக் கிளறிக்கொண்டே, நிமிராமல், வழக்கம்போலக் கத்தினாள்.

“ஏய், எங்க போயிட்ட? மாடிக்குத் தண்ணி எடுத்துக்கினு போ!”

மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “நான் மாடியிலதான் கீறேன் அண்ணி.”

அம்மா கிளறுவதை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். என்னைப் பார்த்தாள். குடம் தூக்கும் உயரம் எனக்கு இன்னும் வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றி, ஈரப்படியில் காலை வைத்தாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில படிகள் வேகமாக ஏறினாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நின்றாள். வளைவில் திரும்பும்போது தண்ணீர் அலம்பி முந்தானை நனைந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வாங்கியது. கீழே வந்த வழியைப் பார்த்தாள், மேலே இன்னும் இருப்பதைப் பார்த்தாள். பிறகு யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

“இந்த மாடிக்கு இத்தினி படியா?”